நிறுத்தும் ஆற்றல்

நுழையும்முன்

ஒரு வாகனத்தின் பெருமையை அதன் வேகத்தைக் கொண்டு அளப்பதே உலக வழக்கம். அவ்வேகத்தை எவ்வளவு தொலைவுக்குள் அடக்க முடியும் என்று கேட்போர் மிகச் சிலரே. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு பிறந்த ‘மினி’ என்னும் சிறிய காரின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் இடம்பெற்ற வரலாற்றையும், பழைய மினி ஒன்றில் இருப்பது எவ்வகை பிரேக் எனக் கண்டறியும் முறையையும், அதனை மேம்படுத்தும்போது கருதவேண்டியவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

சிறிய காரும் சிறிய சக்கரமும்

1956இல் ஏற்பட்ட சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. குறைந்த எரிபொருளில் நால்வரைச் சுமந்து செல்லும் கார் ஒன்று தேவைப்பட்டது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் அப்பொறுப்பை அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளரிடம் ஒப்படைத்தது. அவர் வடிவமைத்த காரின் நீளம் ஏறத்தாழ 10 அடிதான். என்ஜினை நீளவாக்கில் வைக்காமல் குறுக்காக வைத்தார். அதன் ஆற்றல் முன்சக்கரங்களுக்கே செல்லுமாறு செய்தார். சக்கர விளிம்பின் விட்டத்தை 10 அங்குலமாகக் குறைத்தார். அவ்வளவு சிறிய சக்கரத்திற்கு ஏற்ற டயரை டன்லப் நிறுவனம் தனியே உருவாக்கித் தந்தது. இவற்றால் மிச்சமான இடமெல்லாம் பயணிகளுக்குக் கிடைத்தது.

ஆனால் இந்தச் சிக்கனத்திற்கு ஒரு விலை இருந்தது. பிரேக் என்பது சக்கரத்தின் உட்குழிவில் அமர்வது. சக்கரம் சிறுத்தால் பிரேக்கும் சிறுக்கும். முதல் மினியின் முன்சக்கரங்களில் 7 அங்குல விட்டமுள்ள டிரம் பிரேக்குகளுக்கே இடம் இருந்தது. 848 கன செ.மீ. கொள்ளளவும் 34 குதிரைத்திறனும் கொண்ட அந்த என்ஜினுக்கு அவை ஒருவாறு போதுமாயின. பந்தயக் கார்களை உருவாக்கிவந்த ஜான் கூப்பர் இக்காரின் வளைந்து செல்லும் திறனைக் கண்டு வியந்து, இதற்கு வலிமைமிக்க என்ஜின் ஒன்றைப் பொருத்தலாமே எனக் கருதியபோதுதான் பிரேக் பற்றிய கேள்வி எழுந்தது.

வேகம் வெப்பமாதல்

ஓடும் காரில் இயக்க ஆற்றல் பொதிந்துள்ளது. காரை நிறுத்துவது என்பது அவ்வாற்றலை உராய்வின் வழியே வெப்பமாக மாற்றிக் காற்றில் கலக்கவிடுவதாகும். ஆட்களையும் சேர்த்து ஒரு மினியின் மொத்த எடை 800 கிலோ எனக் கொள்வோம். அது மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 50,000 ஜூல். வேகம் 80 கி.மீ. ஆகும்போது இயக்க ஆற்றல் இருமடங்கு ஆவதில்லை. நான்கு மடங்காகி 2 லட்சம் ஜூலை எட்டுகிறது. அறை வெப்பநிலையில் உள்ள அரை லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுசெல்லப் போதுமான வெப்பம் இது. ஒருமுறை பிரேக்கை அழுத்தி நிறுத்தும் சில நொடிகளுக்குள் இவ்வளவு வெப்பமும் பிறக்கிறது.

மலைப்பாதையில் நிலைமை இன்னும் கடுமையானது. அதே கார் 1000 மீட்டர் உயரம் இறங்கினால் இழக்கும் நிலை ஆற்றல் 78 லட்சம் ஜூலுக்கு மேல். இதில் ஒரு பகுதியைக் காற்றின் தடையும் என்ஜினின் இழுவையும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது முழுவதும் பிரேக்கின்மீது விழும். கணக்கிட்டுப் பார்த்தால், 80 கி.மீ. வேகத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது முறை நிறுத்துவதற்கு இணையான சுமை இது. மலையிறக்கத்தில் கீழ்க்கியரிலேயே செல்லுமாறு ஓட்டுநர்களை வற்புறுத்துவதன் காரணம் இந்த எண்களில் இருக்கிறது.

டிரம்மின் தளர்ச்சி

டிரம் பிரேக் என்பது சக்கரத்துடன் சுழலும் ஒரு வட்டக் கிண்ணம். அதனுள்ளே பிறைவடிவில் இரு ஷூக்கள் இருக்கும். பிரேக் பெடலை மிதித்ததும் வீல் சிலிண்டர் அவற்றை வெளிநோக்கித் தள்ள, அவற்றின்மேல் ஒட்டிய உராய்வுப் பட்டை கிண்ணத்தின் உட்சுவரைப் பற்றும். இவ்வமைப்பில் ஒரு நன்மை உண்டு. சுழலும் டிரம், தன் திசையில் அமைந்த ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்கிறது. இதனால் காலால் சிறிதே அழுத்தினாலும் பற்று மிகுதியாகக் கிடைக்கும். 1964இல் மினியின் முன் டிரம்களில் இரு ஷூக்களும் இவ்வாறு இறுகும்படி மாற்றியமைக்கப்பட்டன. முன்னோக்கிச் செல்லும்போது இது பெரிதும் பயன்பட்டது. பின்னோக்கி உருளும்போது பயன் குறைவு.

குறையோ வெப்பத்தில் வெளிப்படுகிறது. மூடிய கிண்ணத்துள் பிறந்த வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. சூடேறிய டிரம் விரிவடைந்து ஷூவைவிட்டு விலகுகிறது. ஓட்டுநரின் கால் ஒவ்வொரு முறையும் சற்று ஆழமாகச் செல்ல நேர்கிறது. உராய்வுப் பட்டையும் அளவுக்கு மீறிச் சூடானால் வழுக்கத் தொடங்குகிறது. பெடல் கீழே இறங்கிக்கொண்டிருக்க, கார் மட்டும் நிற்க மறுக்கும் இந்நிலையைப் பிரேக் தளர்ச்சி என்பர். முன்னறிவிப்புடன் வருவதாகத் தோன்றினாலும், அம்முன்னறிவிப்பைப் புரிந்துகொள்ளும் வேளையில் வளைவு நெருங்கிவிட்டிருக்கும்.

வட்டு வந்த வழி

மிதிவண்டிச் சக்கரத்தின் விளிம்பை இருபுறமிருந்தும் ரப்பர் கட்டைகள் கவ்விப் பிடிப்பதைப் பார்த்திருப்போம். டிஸ்க் பிரேக்கின் தத்துவமும் அதுவே. சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டு ஒன்றை, காலிபர் என்னும் கவ்வி இருபுறமும் பேடுகளால் அழுத்துகிறது. வட்டு திறந்தவெளியில் சுழல்வதால் காற்று அதனைக் குளிர்விக்கிறது. சூட்டில் வட்டு தடிக்கும்போது பேடைவிட்டு விலகாமல் அதனை நோக்கியே வருகிறது. மழைநீர் பட்டாலும் சுழற்சியில் சிதறிப் போகிறது.

இக்கருத்து புதியதன்று. இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அக்காலத்தில் கிடைத்த செம்பு உராய்வுப் பொருள் புழுதிச் சாலைகளில் விரைவில் தேய்ந்தது. காதைத் துளைக்கும் ஒலியும் எழுப்பியது. அரை நூற்றாண்டுக்குப் பின், டன்லப் டிஸ்க் பிரேக்குகளுடன் ஜாகுவார் சி-டைப் கார் 1953இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றபோது உலகம் இதனைத் திரும்பிப் பார்த்தது. அதிவேகத்தில் வந்து, பிறர் பிரேக் பிடித்த இடத்தைத் தாண்டிச் சென்று பிரேக் பிடிக்க அக்காரால் முடிந்தது. 1955இல் சித்ரோயன் டி.எஸ். காரிலும், 1956இல் டிரையம்ப் டி.ஆர்.3 காரிலும் முன்சக்கர டிஸ்க்குகள் இடம்பெற்றன.

மினிக்கு அவை 1961இல் வந்தன. 997 கன செ.மீ. என்ஜினும் 55 குதிரைத்திறனும் கொண்ட மினி கூப்பரின் முன்சக்கரங்களில் 7 அங்குல டிஸ்க்குகள் பொருத்தப்பட்டன. 1963இல் வந்த கூப்பர் எஸ் காரில் விட்டம் 7.5 அங்குலமாயிற்று, வட்டின் தடிப்பும் கூடியது. ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் நிகழும் மான்டி கார்லோ ராலியை மினி கூப்பர் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்றது. டுரினி போன்ற கணவாய்களில் பனிபடிந்த பாதையில் இறங்குவதற்கு என்ஜினின் வலிமையைவிடப் பிரேக்கின் நம்பகமே முதன்மையானது. இடையில் 1966ஆம் ஆண்டு முதல் மூன்று இடங்களைப் பிடித்த மினிகள் முகப்பு விளக்கு விதியைக் காரணங்காட்டித் தகுதிநீக்கம் செய்யப்பட்டன. அவ்வாண்டு வெற்றி அறிவிக்கப்பட்டது ஒரு சித்ரோயனுக்கு. அதன் முன்சக்கரங்களை நிறுத்தியதும் டிஸ்க் பிரேக்கே என்பது சுவையான செய்தி.

கண்டறியும் முறை

இன்று பழைய மினி ஒன்றைச் சீரமைக்க விரும்புவோர் முதலில் விடைகாண வேண்டிய கேள்வி, அதன் முன்சக்கரத்தில் இருப்பது என்ன என்பதே. காரின் பின்புறத்தில் ‘கூப்பர் எஸ்’ என்று எழுதியிருப்பது இதற்கு விடையாகாது. உண்மையான கூப்பர் எஸ் கார்களுக்கு விலை மிகுதி. ஆதலால் சாதாரண மினிகளுக்குப் பெயர்ப்பலகையை மாற்றிப் பொருத்துவது நெடுங்கால வழக்கமாகிவிட்டது. உதிரிப்பாகங்கள் ஒரு காரிலிருந்து மற்றொரு காருக்கு எளிதில் இடம்பெயர்வதும் மினியின் இயல்பு. ஒரு காரின் இடப்பக்கத்தில் ஓர் அளவும் வலப்பக்கத்தில் வேறோர் அளவும் இருந்துவிடவும் கூடும். எழுத்தை நம்பாமல் அளவுகோலை நம்புவதே முறை.

சமதளத்தில் காரை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு அண்டைக்கட்டை வைத்து, முன்பகுதியை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் அமர்த்தியபின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே கைவிடலாகாது. சக்கரம் நீங்கியதும் காணப்படுவது மூடிய கிண்ணமாயின் அது டிரம். பளபளக்கும் தட்டையான வட்டும் அதன் ஓரத்தைக் கவ்விய காலிபரும் தெரிந்தால் அது டிஸ்க். மினியின் காலிபரில் வட்டின் இருபுறமும் ஒவ்வொரு பிஸ்டன் எதிரெதிராக அமைந்திருக்கும்.

அடுத்து விட்டத்தை அளக்க வேண்டும். காலிபரும் தகட்டுக் காப்பும் வட்டின் ஒரு பகுதியை மறைப்பதால், மையத்திலிருந்து ஓரம்வரை அளந்து அதனை இரட்டிப்பது எளிது. 178 மி.மீ. எனில் 7 அங்குலம். அது தொடக்ககாலக் கூப்பரின் வட்டு. 190 மி.மீ. எனில் 7.5 அங்குலம், கூப்பர் எஸ் காருக்கும், 1969இல் வெளிவந்த 1275 ஜி.டி. காரின் முதல் வகைக்கும் உரியது. 213 மி.மீ. எனில் 8.4 அங்குலம், இது 1974இல் 1275 ஜி.டி. காரில் 12 அங்குலச் சக்கரத்தோடு சேர்ந்து வந்தது. 1984 முதல் எல்லா மினிகளுக்கும் இதுவே பொது அளவாயிற்று. இம்மூன்றுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு சிறிதே. ஆனால் ஓர் அளவுக்குரிய காலிபர் மற்றோர் அளவுக்குப் பொருந்தாது. கூப்பர் எஸ் காரில் சக்கரத்தை இயக்கும் தண்டின் முனையிலுள்ள சி.வி. ஜாயின்ட்டும் சாதாரண மினியினுடையதைவிடப் பெரியது.

வட்டின் விட்டம் தேய்வதில்லை, தேய்வது தடிப்பே. ஆகையால் தடிப்பை மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து, அவ்வகைக்குரிய குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட வேண்டும். ஓரத்தில் விரலால் தடவும்போது வரம்புபோல் ஒரு மேடு தட்டுப்பட்டால் வட்டு நெடுநாள் உழைத்திருக்கிறது எனக் கொள்ளலாம்.

என்ஜின் அறையையும் பார்க்க வேண்டும். அங்கே குழாய்களோடு இணைந்த உருண்டையான உலோகக் கலம் ஒன்று இருப்பின் அது சர்வோ. டிஸ்க் பிரேக்கிற்கு டிரம்மைப்போலத் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் இயல்பு இல்லை. எனவே கால் அதிகமாக அழுத்த நேரிடும். என்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் குறையழுத்தத்தைக் கொண்டு காலின் விசைக்குத் துணைசெய்வதே சர்வோவின் பணி. கூப்பர் எஸ் காருக்கு இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. இது இயங்குகிறதா என அறிய, என்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பலமுறை மிதித்து, பிறகு அழுத்திப் பிடித்தபடியே என்ஜினை இயக்க வேண்டும். பெடல் சற்றே தானாக இறங்கினால் சர்வோ நலமாக உள்ளது.

மேம்படுத்துதல்

பழைய டிரம் பிரேக் மினிக்கு 8.4 அங்குல டிஸ்க் பொருத்துவது இன்று பரவலான வழக்கம். விட்டம் கூடக்கூட, பேடு அழுத்தும் இடம் மையத்திலிருந்து விலகுவதால் அதே விசைக்குக் கூடுதல் திருப்புவிசை கிடைக்கிறது. 7 அங்குலத்தோடு ஒப்பிட, இப்பயன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எனினும் வட்டையும் காலிபரையும் வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது எனக் கருதுவோர் நான்கு இடங்களில் இடறுகின்றனர்.

முதல் இடறல் சக்கரத்தில். 8.4 அங்குல வட்டும் அதற்குரிய காலிபரும் பழைய 10 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்கா; 12 அங்குலச் சக்கரம் தேவை. டயர் பெரிதானால் காரின் ஓட்டமும் வேகமானியின் கணக்கும் மாறும். 10 அங்குலச் சக்கரத்தின் அழகை விரும்புவோருக்கு 7.5 அங்குல வட்டே பொருத்தமானது.

இரண்டாவது, மாஸ்டர் சிலிண்டர். பாஸ்கல் விதியை இங்கே நினைவுகூர வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 3 சதுர செ.மீ. எனவும், காலிபர் பிஸ்டனின் பரப்பு 15 சதுர செ.மீ. எனவும் வைத்துக்கொண்டால், விசை ஐந்து மடங்காகப் பெருகும். ஆனால் பெரிய பிஸ்டனை நகர்த்த அதிக அளவு திரவம் வேண்டும். டிரம்முக்கென அமைந்த மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டால், பெடல் நெடுந்தொலைவு இறங்கிய பின்னரே பேடு வட்டைத் தொடக்கூடும். பருமனான மாஸ்டர் சிலிண்டரைப் போட்டால் பெடல் உயரத்திலேயே நிற்கும். ஆனால் விசைப்பெருக்கம் குறைந்து கால் வலிக்கும். இரண்டுக்கும் இடையே இசைவான அளவைத் தேர்வதே பொறியியல்.

மூன்றாவது, பின்சக்கரம். பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. மினியில் என்ஜினும் முன்னேயே இருப்பதால் பின்சக்கரங்கள் மிக இலகுவாகிவிடும். இவ்வேளையில் பின் பிரேக் மிகுதியாகப் பற்றினால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கார் பம்பரம்போல் சுழலும். இதனைத் தடுக்கவே பின்குழாயில் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு ஒன்றை இசிகோனிஸ் காலத்திலேயே வைத்தனர். முன்பக்கம் டிஸ்க்காக மாறும்போது அவ்வால்வும், பின்பக்க வீல் சிலிண்டர்களின் அளவும் அதற்கேற்பப் பொருந்துகின்றனவா எனப் பார்க்க வேண்டும். பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கே தொடர்ந்ததற்குச் செலவுச் சிக்கனமும் கைப்பிரேக்கின் எளிமையும் காரணங்கள்.

நான்காவது, பிரேக் திரவம். பணிமனைகளில் இதனைப் பிரேக் ஆயில் என்றே வழங்குகின்றனர். பெயரைக் கேட்டு ஏமாறலாகாது. இது எண்ணெய் அன்று. என்ஜின் ஆயிலை இதில் ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டு, எல்லா பிரேக்குகளும் ஒருசேரப் பழுதாகும். மேலும் இத்திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அது 155 டிகிரிவரை இறங்கிவிடக்கூடும். காலிபரின் சூட்டில் திரவம் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். அப்போது பெடல் பஞ்சுபோல் தரையைத் தொடும். எத்தனை பெரிய வட்டைப் பொருத்தினாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றாவிட்டால் அவ்வளவும் வீண்.

இவற்றோடு மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். தொடக்ககால மினிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய் இணைப்புதான். எங்கேனும் ஒரு கசிவு ஏற்பட்டால் கால்பிரேக் முழுவதும் போய்விடும். பிற்கால மினிகளில் இணைப்பு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும்படி அமைந்தது. மெதுவாக ஓட்டப்படும் சாதாரண மினி ஒன்றுக்கு, டிஸ்க்கைவிட இந்த இரட்டை மாஸ்டர் சிலிண்டரே மேலான மேம்பாடு என்பது எம் கருத்து. நன்கு சரிசெய்யப்பட்ட 1964ஆம் ஆண்டின் இரட்டை ஷூ டிரம், பராமரிப்பற்ற டிஸ்க்கைவிட நம்பத்தக்கது.

பழமையைப் பேணுவோர் எழுப்பும் வினாவும் நியாயமானதே. தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவம் ஒரு வரலாற்றுச் சான்று, அதனைக் குலைக்கலாமா? உண்மையான 1963ஆம் ஆண்டுக் கூப்பர் எஸ் கிடைத்தால் அதன் 7.5 அங்குல வட்டைப் புதுப்பித்துக் காப்பதே தகும். நாள்தோறும் சாலையில் ஓடவேண்டிய பிற்காலக் காரில் மாற்றம் செய்யலாம். அவ்வாறு செய்யும்போது எதையும் வெட்டாமல், துளையிடாமல், கழற்றிய பழைய பாகங்களைப் பெயரெழுதிப் பெட்டியில் இட்டு வைத்தால், பின்னாளில் வருபவர் அதனை முன்னிருந்தபடி ஆக்கிக்கொள்ள முடியும்.

வேலைக்கு முன்னும் பின்னும்

பழைய ஷூக்களிலும் பேடுகளிலும் கல்நார் கலந்திருக்கும். அத்தூசு மூச்சில் சென்றால் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்க வல்லது. எனவே டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவதோ, காற்றழுத்தக் குழாயால் அடிப்பதோ கூடாது. முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அகற்ற வேண்டும். திரவம் வண்ணப்பூச்சை அரிக்கும் என்பதால் சிந்திய இடத்தை உடனே தண்ணீரால் கழுவ வேண்டும்.

புதிய பேடும் வட்டும் ஒன்றோடொன்று படிய நேரம் பிடிக்கும். முதலில் மிதமான வேகத்திலிருந்து மென்மையாகப் பலமுறை பிரேக் பிடித்து, ஒவ்வொரு முறைக்கும் இடையே வட்டு ஆறும்படி சிறிது தொலைவு ஓட்ட வேண்டும். இதற்கும் முன்னதாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. புதிய பேடைப் பொருத்த இடம் தேடிக் காலிபரின் பிஸ்டன்களை உள்ளே தள்ளியிருப்போம். அதனால் வேலை முடிந்து முதன்முறை மிதிக்கும்போது பெடல் எவ்விதத் தடையுமின்றித் தரைவரை சென்றுவிடும். காரை நகர்த்துவதற்கு முன்பே, நின்ற இடத்தில், பெடல் கெட்டிப்படும்வரை திரும்பத் திரும்ப மிதித்து, திரவத்தின் மட்டத்தை மீண்டும் பார்த்துத் தேவையான அளவு ஊற்றிய பிறகே தாங்கிகளை நீக்கி வண்டியைத் தரையில் இறக்க வேண்டும்.